திருக்கைக்குப் பூச்சி, எனக்குப் புரட்டாசி

என் இடுப்பு எலும்ப நானே பார்த்தது கெடையாது. உள்ளுக்குள்ள இருக்குன்னு ஒரு நம்பிக்கைதான், சாமி மாரி. இத்தன வருசமா பாமாயில் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். காலைல நாசி லெமா, சாயங்காலம் ரொட்டி சானாய்னு ஏத்துன சரக்கு அதுக்கு மேல மூட்ட மூட்டயா கெடக்கு. அதனால எங்க வீட்டுல மொதமொதல்ல இடுப்பு எலும்பு தெரிஞ்சது எனக்கில்ல. ஹால்ல கண்ணாடித் தொட்டிக்குள்ள படுத்துக்கிட்டு என்னை மொறைக்கிற திருக்கை மீனுக்குத்தான்.

"ஏங்க, இங்க வாங்களேன். பாப்பாவுக்கு வாலு ஆரம்பிக்கிற எடத்துல ரெண்டு முட்டு தெரியுது பாருங்க."

வாயில பல் குச்சியோட போய்ப் பார்த்தேன். ஆமா, தெரியுது.

"வளர்றா லா. வயசுப் பிள்ள."

"வளர்ந்தா சதைதான் வைக்கும். எலும்பா வெளிய வரும்? ஒங்களுக்கு வந்துச்சா?"

என் பொண்டாட்டிகிட்ட வாதாட முடியாது. அவ நாலாப்பு வரைக்கும் படிச்சவ. நான் ஸ்கூல் வாசல்ல ஐஸ் வாங்கித் தின்ன வரைக்கும்தான் படிச்சேன்.

இந்தத் திருக்கை எங்க வீட்டுக்கு வந்த கதையச் சொல்லணும். பத்தாங் பெர்ஜுந்தைல நான் குலை ஏத்துற எடத்துக்குப் பக்கத்துல ஒரு சீனப் பெரியவரு வீட்டக் காலி பண்ணிக்கிட்டு மகன்கூட ஆஸ்திரேலியா போனாரு. மேச, நாற்காலிய எல்லாம் கேக்குறவங்க எடுத்துக்கிட்டாங்க. இந்தத் தொட்டியையும் மீனையும் மட்டும் ஒருத்தரும் சீண்டல. "லோரி வச்சிருக்கிறது நீதானே, எடுத்துக்கோ"ன்னாரு. ஓசின்னா நமக்கு வெசத்தக் குடுத்தாலும் ரெண்டு பொட்டலம் கேக்குற பழக்கம். வாலுல நெசமாவே வெச முள்ளு இருக்குன்னு வீட்டுக்கு வந்தப்புறந்தான் தெரிஞ்சது.

ஆத்துத் திருக்கை அது. கடலே தெரியாத ஜாதி. கருப்பு ஒடம்புல வெள்ளப் பொட்டு, அதிரசம் சைஸ்ல வந்தது. பூர்வீகம் எங்கயோ அமேசான் காட்டு ஆறாம். ஆனா பொறந்தது ஜொகூர் பக்கம் ஒரு பண்ணையில. வெளிநாட்டு ரத்தம், உள்நாட்டு ஐசி கார்டு. நம்மள மாரியேதான்.

"இந்தச் சனியன் இருந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்"னா பொண்டாட்டி. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு. ஆனா போகல. ஒரு மாசத்துல மீனு அவ கையில எறா வாங்கித் திங்கப் பழகிருச்சு. அவ தொட்டிகிட்ட வந்தா கண்ணாடியில ஏறி நின்னு வெள்ள வயித்தக் காட்டிக்கிட்டு ரெக்கைய ஆட்டும். நான் வந்தா மணலுக்குள்ள பொதஞ்சுக்கும். சனியன், பாப்பா ஆயிருச்சு. நான் பழையபடி நானாவே இருந்தேன்.

வர்ற சனம் ஒண்ணாச்சும் அதப் பார்த்து 'அழகா இருக்கே'ன்னு சொல்லணுமே? ம்ஹூம். ஜெராம் பக்கம் கடக்கரைக் கடைல பாப்பாவோட சொந்தக்காரங்கள சம்பல் தடவி வாழ எலைல வச்சுச் சுட்டு விக்கிறாங்க இல்ல, அந்த ஞாபகந்தான் எல்லாருக்கும். பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்களே, அவங்க ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க: "எப்பத் தம்பி திருக்கைப் புட்டு?" என் பொண்டாட்டி மூஞ்ச திருப்பிக்குவா.

இப்பப் புரட்டாசிக்கு வருவோம். மொத்த வெனையும் அங்கதான் இருக்கு.

சில வருசத்துக்கு முன்னாடி மில்லுக்குப் போற வளைவுல என் லோரி கவுந்துருச்சு. குலையெல்லாம் பள்ளத்துல, நான் குலைக்கு மேல. கழுத்துப்பட்ட எலும்பு மட்டும் ஒடஞ்சது. "இந்த மனுசன் எந்திரிச்சு நடந்தா, வருசா வருசம் புரட்டாசி மாசம் பூரா என் வீட்டுக்குள்ள கவிச்சி ஏறாது பெருமாளே"ன்னு அவ ஆஸ்பத்திரி வாசல்லயே வேண்டிக்கிட்டா. ஒடஞ்சது காலு இல்ல, தோளுதான்னு நான் சொல்லிப் பார்த்தேன். பெருமாளுக்கு அந்த விவரமெல்லாம் வேணாமாம்.

அதுலேர்ந்து புரட்டாசி பொறந்தா ஐஸ்பெட்டிய மஞ்சத் தண்ணி போட்டுத் தொடைச்சிருவா. மீனு, கறி, முட்ட ஒண்ணும் வாசப்படி தாண்டக் கூடாது. கவனிங்க, நேர்த்தி எனக்காக. வெரதம் அவளுக்கு. நான் பாய் கடைல கோழி தின்னுட்டு வருவேன். வாசல் கொழாய்ல வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள வான்னு விட்டுருவா. என்னைக் காப்பாத்துறதுக்கு ஒருத்தி பட்டினி, காப்பாத்தப்பட்டவனுக்குக் கோழித் தொட. நல்ல ஏற்பாடு, நான் கொற சொல்லவே இல்ல.

பிரச்சன பாப்பாவுக்குத்தான். அவ திங்கிறது எறா. எறா ஐஸ்பெட்டியில. ஐஸ்பெட்டி பெருமாளுக்கு.

முந்தின வருசங்கள்ல சீனப் பெரியவரு விட்டுட்டுப் போன உருண்டத் தீனியப் போட்டுச் சமாளிச்சோம். இந்த வருசம் அது தீந்து போச்சு, காசு குடுத்து வாங்க எனக்கு மனசு வரல. அப்பத்தான் என் மூள வேல செஞ்சது. அது வருசத்துக்கு ஒரு தடவ வேல செய்யும், அன்னிக்குன்னு வெள்ளம் வரும்.

"ஏம்மா, செத்தாத்தானே கவிச்சி? உசுரோட நீஞ்சிக்கிட்டு வந்தா அது விருந்தாளி லா."

அவ யோசிச்சா. சமைக்கல, வெட்டல, ஐஸ்பெட்டிய அண்டல. தொட்டில விடுறோம், அப்பறம் அது அவங்களுக்குள்ள பேசிக்கிற விசயம். "சரி, பாவம் நம்மள சேராது"ன்னு தீர்ப்பு சொன்னா.

செம்பனை வரிசைக்கு நடுவுல தண்ணி ஓட பாரிட் வெட்டி வச்சிருப்பாங்க இல்ல, அதுல கொசு வலையப் போட்டா குட்டி மீனு குட்டி மீனா வரும். மேல எண்ண மெதக்கும், உரத் தண்ணி கலக்கும், செத்த எலி ஒண்ணு ரெண்டு போகும். எனக்கு அதெல்லாம் 'இயற்க உணவா'த் தெரிஞ்சது. போதாதுன்னு செம்பனை மட்டைக்கு அடியில தோண்டி மண்புழுவும் எடுத்தேன். வாளி வாளியா வீட்டுக்குக் கொண்டாந்தேன். பாப்பா அள்ளி அள்ளித் தின்னா. நான் கைய இடுப்புல வச்சுக்கிட்டு, பெரிய டாக்டரு மாரி நின்னு பார்த்தேன்.

மாசம் முடியறதுக்குள்ள தின்னத் தின்ன எளைக்க ஆரம்பிச்சா. நல்லாச் சாப்புட்டும் எளைக்கிற வித்த எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் தெரியாது, அதனால எனக்குச் சந்தேகமே வரல. பொண்டாட்டிதான் எலும்பப் பார்த்தா. அடுத்த நாளு இன்னொண்ணயும் பார்த்தா: பாப்பா பின்னாடி வெள்ளையா, மீகூன் சேமியா மாரி நீளமா ஒண்ணு தொங்குது.

"கண்ணுதான்"னு வந்து நின்னாங்க பக்கத்து வீட்டு அக்கா. "கண்ணு பட்டுருச்சு. மஞ்சளும் வேப்பலையும் போடு."

'எப்பப் புட்டு'ன்னு தெனம் கேட்ட கண்ணு எதுன்னு நான் கேக்கல. பெரிய மனுசன் இல்லையா. ஒரு கை மஞ்சப் பொடிய எடுத்துத் தொட்டில கொட்டிட்டேன். தண்ணி முழுக்க மஞ்ச. பாப்பா மூலைக்கு ஓடி மேல கீழ மூச்சு வாங்குறா. அக்கா எட்டிப் பார்த்துட்டுச் சொன்னாங்க:

"இப்பச் சரியா இருக்கு. புளி மட்டுந்தான் பாக்கி."

என் பொண்டாட்டி ரப்பர் கொழாயத் தூக்கி என் கையில குடுத்தா. முக்காத் தொட்டித் தண்ணிய எறச்சு வெளிய ஊத்திட்டு, குளோரின் போகப் புடிச்சு வச்சிருந்த தண்ணிய நெரப்புறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. வாசல் பூச்செடிக்கெல்லாம் அன்னிக்கு மஞ்சக் குளியல்.

அப்பறம் அந்த வெள்ள மீகூன வலையில புடிச்சு, பிளாஸ்டிக் பையில தண்ணியோட கட்டி, மோட்டர் சைக்கிள எடுத்துக்கிட்டுக் கோலசிலாங்கூர் போனேன். அங்க ஒரு வளப்பு மீன் கட இருக்கு. மொதலாளி ஒரு சீனத் தௌக்கே, தோட்டத்துப் பக்கம் பொறந்து வளர்ந்தவரு, தமிழ் பேசுவாரு. பையத் தூக்கிக் காட்டுனேன்.

"தௌக்கே, இது என்னா?"

பைய வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தாரு.

"தம்பி, இது பீ."

"அது எனக்கும் தெரியும் லா. என்னா வியாதி?"

"நல்லா சாப்புடுது, ஆனா ஒல்லி?"

"ஆமா."

"வால் பக்கம் எலும்பு?"

"ஆமா."

"என்னா குடுத்தது?"

பெருமையாச் சொன்னேன். பாரிட் மீனு, மண்புழு, வாளிக் கணக்கு, எல்லாம். தௌக்கே கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. கடையில மீன் பார்த்துக்கிட்டு நின்ன ஒரு பொம்பள மெல்ல நகந்து போயிட்டா.

"நீ அதுக்கு பூச்சி வாங்கி ஊட்டி வுட்டது லா தம்பி. காட்டு மீனு வயித்துல புழு. அத இது முழுங்குச்சு. இப்ப புழு சாப்புடுது, இது ஒல்லி ஆவுது. நீ சாப்பாடு போட்டது புழுவுக்கு."

சின்ன வயசுல எங்க தோட்டத்து லயத்து வீட்டுல எனக்குப் புழு மருந்து குடுத்தப்பக்கூட இவ்வளவு கேவலமா யாரும் வெளக்கல.

மஞ்சப் போட்டதச் சொன்னேன். அவரு எந்திரிச்சே நின்னுட்டாரு. "அதுக்கு செதில் இல்ல! மத்த மீனு சட்ட போட்டுருக்கு, இது அம்மணமா இருக்கு. கண்டது போட்டா தோல் வெந்து போவும். செம்பு கலந்த மருந்து போடாத. உப்பு அள்ளிக் கொட்டாத. மஞ்சளா? நீ என்னா கறி வைக்கிறியா?"

ஊர்ல ரெண்டு பேரு இதே கேள்விய கேட்டுட்டாங்க.

சின்ன டப்பால வெள்ளப் பொடி ஒண்ணு குடுத்தாரு. பேரு வாயில நொழையல, 'பிராசி'ன்னு சுருக்கமா சொன்னாரு. எறாவ உரிச்சு, வயித்துப் பக்கம் கீறி, துளியூண்டு பொடிய வச்சு மூடித் திங்க வைக்கணும். போற பீயெல்லாம் ஒடனே உறிஞ்சி எடுத்துரணும், இல்லன்னா புழு திரும்பி உள்ள போவும். கொஞ்ச நாளு விட்டு மறுபடியும் ஒரு தடவ குடுக்கணும், முட்டைக்கு மருந்து கேக்காதாம்.

"இன்னும் சாப்புடுதில்ல? அது நல்லது. வாயாலயே குடு. சாப்பாட்ட நிறுத்திருச்சுன்னா அப்பறம் தண்ணில மருந்து கலக்கணும், இவ்ளோ ஒல்லிக்கு அது கஷ்டம். சீக்கிரம் குடு."

"எறாவுலதான் குடுக்கணுமா தௌக்கே? இது புரட்டாசி."

தௌக்கேவுக்கு நம்ம மாசமெல்லாம் அத்துப்படி. "புழுவுக்கு புரட்டாசி இல்ல தம்பி"ன்னாரு.

வீட்டுக்கு வந்து சேதியச் சொன்னேன். பொண்டாட்டி சோபால ஒக்காந்துட்டா. ஒரு பக்கம் தொட்டி. எதுத்த பக்கம் சாமி மேட. நடுவுல நான்.

"எறா உள்ள வந்தா நேர்த்தி போச்சு"ன்னா.

"ஆமா."

"நேர்த்தி ஒங்க உசுருக்கு வச்சது."

"ஆமா."

"எறா உள்ள வரலன்னா பாப்பா போயிரும்."

"ஆமா"ன்னு சொல்லிட்டு, அவ ஒடனே 'நீங்கதாங்க முக்கியம்'னு சொல்லுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

அவ யோசிச்சா.

அதுதாங்க எனக்கு வலிச்சது. முடிவு எப்புடி வேணும்னாலும் போகட்டும், இத்தன வருசம் கூட வாழ்ந்தவனயும் ஒரு மீனயும் தட்டுல வச்சு நிறுத்துப் பார்க்க ஒரு பொம்பளைக்கு இவ்வளவு நேரமா? அவ தொட்டியப் பார்க்குறா. என்னைப் பார்க்குறா. மறுபடியும் தொட்டியப் பார்க்குறா. நான் வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னேன்.

கடைசியில, "மொதல்ல சைவத்துல வச்சுப் பார்ப்போம்"னா.

பார்த்தோம். சோயாக் கட்டி தௌஃபுல வச்சோம், துப்பிட்டா. புளிக்க வச்ச சோயா, அதான் தெம்பே, அதுல வச்சோம், கிட்டயே வரல. இட்லி தண்ணில கரைஞ்சு தொட்டியே பால் கொடம் ஆயிருச்சு. மறுபடியும் எறச்சேன். அதுக்கடுத்த நாளு நானே மண்புழுவ எடுத்துட்டு வரவான்னு கேட்டேன். அவ பார்த்த பார்வைல வாளிய நானே கவுத்து வச்சேன்.

அன்னிக்கு பாப்பா கண்ணாடியில ஏறி நிக்கல. பொண்டாட்டி போயி நின்னு தட்டியும் பாப்பா மணல்லயே கெடந்தா. ரெக்க ஓரம் மேல சுருண்டுக்கிட்டு இருந்துச்சு. பொண்டாட்டி மூஞ்சி மாறிருச்சு.

"போயி எறா வாங்கிட்டு வாங்க. சமையக்கட்டுக்குள்ள கொண்டாராதீங்க. வெளியவே வச்சு மருந்த வச்சுட்டு, நீங்களே குடுத்துருங்க. நான் சமையக்கட்டுல இருக்கேன். நான் பார்க்கல."

பாசிர் பெனாம்பாங்ல புது எறா வாங்கிட்டு வந்து வாசல் கொழாகிட்ட குத்த வச்சு உரிச்சேன். ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம், "என்னா அண்ணே, புரட்டாசில எறா சம்பலா?"ன்னு கேட்டுக்கிட்டே போறான். துளியூண்டு பொடின்னு தௌக்கே சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா நம்ம பிள்ளைக்கு என்ன கஞ்சத்தனம்? ஒரு எறாவுல நல்லா அமுக்கி வச்சேன்.

சமையல் இடுக்கியில புடிச்சுத் தண்ணிக்குள்ள விட்டேன். கையால குடுக்க மாட்டேன். செம்பனை முள்ளு குத்துனா சிரிச்சுக்கிட்டே புடுங்குவேன், ஆனா அந்த வாலப் பார்த்தா எனக்கு ஒடம்பெல்லாம் தண்ணியாவும். பாப்பா மெல்ல வந்தா. எறாவ மேல மூடிப் படுத்தா. ரெண்டு மெல்லு மெல்லுனா. அப்பறம் 'பூ'ன்னு ஒரே ஊதல். பவுடர் டப்பா தும்முன மாரி தொட்டி முழுக்க வெள்ளப் பொடி. எறாவத் துப்பிட்டு, நேரா சமையக்கட்டுப் பக்கம் இருக்குற கண்ணாடிக்குப் போயி ஒட்டிக்கிட்டு நின்னா. அங்கதானே என் பொண்டாட்டி நிப்பா.

நானும் கூப்புட்டுப் பார்த்தேன். "பாப்பா, அப்பா லா." திரும்பியும் பார்க்கல.

சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பார்க்க மாட்டேன்னவ எட்டித்தான் பார்த்துக்கிட்டு இருந்தா. வந்தா. சாமி மேடைக்கு முன்னாடி நின்னா. என்ன பேசுனான்னு எனக்குக் கேக்கல, ஒதடு மட்டும் வேகமா அசைஞ்சது, பாசார்ல காய்க்காரன்கிட்ட பேசுற அதே வேகம். அப்பறம் மேடையோட தெரச்சீலைய இழுத்து மூடுனா.

"பெருமாளே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

வாசலுக்குப் போனா. ஒரு எறாவ எடுத்துக் கீறி, ரசத்துக்குப் பெருங்காயம் போடுற மாரி நுனி வெரலால பொடியத் தொட்டு உள்ள வச்சு மூடுனா. வளையல மேல தள்ளிவிட்டுட்டு முழங்கை வரைக்கும் தண்ணில விட்டா. பாப்பா வந்தா. அவ உள்ளங்கைக்கு மேல போர்வை மாரி வந்து படுத்தா. நான் மூச்ச புடிச்சுக்கிட்டு நின்னேன், இந்தத் தடவ வயித்துக்காக இல்ல.

மென்னா. நிறுத்துனா. மறுபடியும் மென்னா.

துப்பல.

"முழுங்கிட்டா"ன்னு மெல்லச் சொன்னா பொண்டாட்டி. கைய எடுக்கவே இல்ல. பாப்பா அப்புடியே அதுமேலயே கெடந்தா.

அப்பறம் போயித் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து, தெரையத் தெறந்து வெளக்கேத்துனா. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. நேர்த்தி ஒடஞ்சது இல்லையா. இனிமே வளைவுல லோரிய எப்புடித் திருப்புவேன்?

"என்னம்மா, என் உசுரு என்னாச்சு?"

"பேசிட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"நான் கவிச்சி தொட்டுட்டேன். அதனால மிச்ச நேர்த்திய நீங்க எடுத்துக்கிறீங்கன்னு சொல்லிட்டேன். பாப்பாவுக்கு ரெண்டாவது தடவ மருந்து குடுத்து முடியிற வரைக்கும்."

"அதுக்குள்ள புரட்டாசியே முடிஞ்சிரும்!"

"பெருமாளுக்கு நாளு முக்கியமில்லைங்க. மனசுதான் முக்கியம்."

தோளு விசயத்துல மட்டும் அவருக்கு இந்தத் தெளிவு இல்லாமப் போச்சு.

பாய் கடைக்குப் போனேன். பொண்டாட்டி எனக்கு முன்னாடியே போன் போட்டுச் சொல்லி வச்சிருக்கா. கோழி கேட்டா பாய் பருப்புத் தண்ணிய ஊத்துறாரு. "அண்ணிக்கிட்ட நான் பொய் சொல்ல முடியாதுப்பா"ங்குறாரு. இத்தன வருசம் எனக்காக எத்தன பொய் சொல்லிருக்காரு அந்த மனுசன்.

ரெண்டு மூணு நாள்ல பாப்பா பின்னாடி ஒரு நீள வெள்ள நாடா வந்து விழுந்துச்சு. தட்டையா, கட்டம் கட்டமா, ரப்பர் பேண்ட வெட்டிப் போட்ட மாரி. நான் கொழாய வச்சு உறிஞ்சி எடுத்தேன். பொண்டாட்டி அதப் பார்த்துட்டுச் சாமிக்குக் கற்பூரம் காட்டுனா. புழு செத்ததுக்குக் கற்பூரம் காட்டுன வீடு எங்க வீடு மட்டுமாத்தான் இருக்கும்.

புரட்டாசி முடிஞ்ச ஞாயித்துக்கெழம, வீட்டுக்கு வீடு ஆட்டுக்கறி வாசம். பக்கத்து வீட்டு அக்கா வேணும்னே சன்னலத் தெறந்து வச்சு மசால வறுக்குறாங்க. எங்க வீட்டுலயும் எறா உரிக்கிறா பொண்டாட்டி, புதுசு, பெருசு. எனக்கு வாயூறுச்சு. அம்புட்டும் தொட்டிக்குப் போச்சு. பாப்பா கண்ணாடியில ஏறி நின்னு ரெக்கைய ஆட்டுறா, வாலுகிட்ட சதை மூடிருச்சு, முட்டு தெரியல. ரெண்டாவது மருந்து இன்னும் பாக்கி, அதனால என் தட்டுல தௌஃபு. பாப்பா துப்புன அதே தௌஃபு வகதான். நான் துப்பல, எனக்கு அந்தச் சலுகையெல்லாம் கெடையாது.

குளிச்சிட்டுத் துண்டோட வந்தேன். பொண்டாட்டி என்னையே உத்துப் பார்த்தா. என்னமோ ஆசையாத்தான் பார்க்குறான்னு நெனச்சு நான் கொஞ்சம் சிரிச்சேன்.

"ஏங்க, திரும்புங்க."

திரும்புனேன்.

"ஒங்களுக்கும் இடுப்பு எலும்பு லேசாத் தெரியுதுங்க"ன்னா. அப்பறம் அந்த வெள்ளப் பொடி டப்பாவ எடுத்து, மிச்சம் எவ்வளவு இருக்குன்னு வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தா.